குணச் சான்று யாருக்கு, முகவரி யாருக்கு: ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் ஒரு நேர்காணல்

ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் கிங் தெருவில் இருந்த செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் முதல் அங்கத்தில் ஒரு நேர்காணல் வருகிறது. ஜாக் வொர்திங் என்ற இளைஞன் குவென்டலினிடம் தன் காதலைச் சொல்லி அவளுடைய சம்மதத்தையும் வாங்கிவிட்டான். அந்த நேரம் உள்ளே வரும் அவளுடைய தாய் லேடி பிராக்னெல், மகளைக் கீழே வண்டியில் போய் உட்காரச் சொல்கிறார். பிறகு ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமர்கிறார். ஜாக்கின் பெயர் தன்னுடைய மாப்பிள்ளைப் பட்டியலில் இல்லை என்றும், பதில்கள் சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். பட்டியல் அவர் ஒருவருடையது அல்ல. போல்ட்டன் சீமாட்டியும் அதே பட்டியலைத்தான் வைத்திருக்கிறார். இருவரும் கூட்டாக வேலை செய்கிறார்கள்.

இந்தக் காட்சியை வெறும் சிரிப்புத் துணுக்குகளின் கோவையாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் கேள்விகளின் வரிசையைக் கவனித்தால், விக்டோரிய கால இங்கிலாந்து ஒரு மனிதனின் அந்தஸ்தை எந்த அளவுகோல்களால் அளந்தது என்பது முழுவதுமாக அதில் இருக்கிறது.

முதல் கேள்வி புகைபிடிப்பாயா என்பது. ஆம் என்கிறான். நல்லது, ஆணுக்கு ஏதாவது ஒரு தொழில் வேண்டும் என்கிறார் அந்த அம்மையார். அடுத்தது வயது, 29. மணம் செய்ய விரும்பும் ஆணுக்கு ஒன்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது எதுவுமே தெரிந்திருக்கக் கூடாது, நீ எந்த வகை என்று கேட்கிறார். எதுவும் தெரியாது என்கிறான். அதுவும் நல்லதுதான். இங்கிலாந்தில் கல்வி எந்த விளைவையும் உண்டாக்காதது நாட்டின் நல்ல காலம், உண்டாக்கியிருந்தால் செல்வர்கள் குடியிருந்த க்ரோவனர் சதுக்கத்தில் வன்முறை வெடித்திருக்கும் என்பது அவர் கருத்து. அன்றைய பார்வையாளர்களுக்கு இது வெறும் மிகைப்பேச்சாக இருந்திருக்காது. 1886 பிப்ரவரியில் வேலையில்லாதோர் கூட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள் பால் மால் தெருவிலும் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலும் செல்வர்களின் கிளப் கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள். அந்தத் தெருக்கள் இந்த அரங்கிலிருந்து சில நிமிட நடைதான்.

அடுத்து வருமானம். ஆண்டுக்கு ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பவுண்டு வரை. அதே காலத்தில் ஒரு வீட்டுப் பணிப்பெண் சாப்பாடும் தங்குமிடமும் போக இருபது பவுண்டு ஆண்டுச் சம்பளம் வாங்கினாலே நல்ல சம்பளம். ஆனால் லேடி பிராக்னெலுக்குத் தொகை மட்டும் போதாது. நிலத்திலா, முதலீட்டிலா என்று கேட்கிறார். பெரும்பாலும் முதலீட்டில் என்றதும் திருப்தி அடைகிறார்.

இந்தத் திருப்தியைப் புரிந்துகொள்ள அன்றைய பொருளாதாரம் கொஞ்சம் தெரிய வேண்டும். நூற்றாண்டுகளாக இங்கிலாந்தில் பிரபு என்றால் நிலம். முதலீட்டு வட்டியில் வாழ்பவன் ஒரு படி கீழே. 1870-களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க, குத்தகை வருமானம் சரிந்தது. 1894-இல் கோதுமை விலை அந்த நூற்றாண்டிலேயே மிகக் கீழே போயிற்று. அதே ஆண்டு நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் வாரிசுச் சொத்துகள் மீது படிப்படியாக ஏறும் வரியைக் கொண்டுவந்தார். பத்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 8 விழுக்காடு. நிலம் ஒருவருக்கு அந்தஸ்தைத் தருகிறது, ஆனால் அந்த அந்தஸ்தைக் காப்பாற்ற விடுவதில்லை என்று லேடி பிராக்னெல் சொல்வது அரங்கில் இருந்த பல குடும்பங்களின் கணக்குப் புத்தகத்தில் இருந்த செய்தி. ஜாக்குக்கும் நாட்டுப்புறத்தில் மாளிகையும் சுமார் 1,500 ஏக்கரும் உண்டு. அதில் லாபம் பார்ப்பவர்கள் திருட்டு வேட்டைக்காரர்கள் மட்டுமே என்கிறான். நிலம் இருக்க வேண்டும், அதை நம்பி இருக்கக் கூடாது. 1895-இல் ஒரு நல்ல மாப்பிள்ளையின் இலக்கணம் அது. மாளிகையில் எத்தனை படுக்கையறை என்ற கேள்வி பாதியில் நிற்கிறது. வார இறுதிக்கு எத்தனை விருந்தினரைத் தங்கவைக்க முடியும் என்பதைப் பொறுத்தே அத்தகைய வீட்டின் சமூக மதிப்பு என்பதால்தான் அது எழுகிறது.

பிறகு நகரத்து வீடு. பெல்கிரேவ் சதுக்கத்தில் இருக்கிறது, லேடி ப்ளாக்ஸம் என்பவருக்கு ஆண்டு வாடகைக்கு விட்டிருக்கிறேன், ஆறு மாத முன்னறிவிப்பில் காலி செய்துகொள்ளலாம் என்கிறான் ஜாக். யார் அந்த லேடி ப்ளாக்ஸம்? வெளியே அதிகம் வராத வயதான பெண்மணி. இந்தக் காலத்தில் வயது ஒழுக்கமான குணத்துக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் லேடி பிராக்னெல். உடனே வீட்டு எண்ணைக் கேட்கிறார். 149. மோசமான பக்கம், ஏதோ குறை இருக்குமென்று நினைத்தேன் என்கிறார். நிஜமான பெல்கிரேவ் சதுக்கத்தில் 149 என்ற எண்ணே கிடையாது, ஐம்பதுக்குள் முடிந்துவிடும். லண்டன்வாசிகளான பார்வையாளர்களுக்கு அது தெரியும்.

அந்த இரண்டு வரிகளில்தான் நாடகத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவ்வளவு நீண்ட நேர்காணலில் 'குணம்' என்ற பேச்சு ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் மாப்பிள்ளையைப் பற்றி அல்ல. அவன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் கிழவியைப் பற்றி. தன் மகளோடு வாழப்போகிறவன் உண்மை பேசுபவனா, குடிப்பானா, கடன் வைத்திருக்கிறானா, பிறரிடம் இரக்கமாக நடந்துகொள்வானா என்று அந்தத் தாய் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஜாக் மாட்டிக்கொண்டிருப்பான். ஏனென்றால் அவன் நகரத்தில் ஒரு பெயரிலும் கிராமத்தில் இன்னொரு பெயரிலும் வாழ்பவன்.

விக்டோரிய இங்கிலாந்தில் குணத்தைப் பற்றிய விசாரணை நடந்தது, கறாராகவே நடந்தது. ஆனால் அது வேலைக்காரர்களுக்கு. சமையல்காரியோ வண்டியோட்டியோ புது இடத்தில் சேர வேண்டுமென்றால் பழைய எஜமானி எழுதித் தரும் குணச் சான்றுக் கடிதம் வேண்டும். நேர்மையா, குடிப்பழக்கம் உண்டா, காலையில் எழுந்திருப்பாளா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடிதம் எழுதித் தர எஜமானிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் போலிக் கடிதம் தருவது 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடிதம் கிடைக்காத பணிப்பெண்ணுக்கு அநேகமாக வேறு வேலை கிடைக்காது. கீழே இருப்பவர்கள் குணத்துக்குச் சான்று காட்ட வேண்டும். மேலே இருப்பவர்கள் முகவரியைக் காட்டினால் போதும். இந்தப் பாகுபாட்டை வைல்ட் நாடகம் முழுக்கப் பின்தொடர்கிறார்.

திரை விலகியதும் நாம் பார்ப்பது ஹாஃப் மூன் தெருவில் ஜாக்கின் நண்பன் அல்ஜெர்னன் மொன்க்ரீஃபின் குடியிருப்பு. வேலைக்காரர் லேன் தேநீர் மேசையை அடுக்குகிறார். வியாழக்கிழமை விருந்தில் எட்டுப் புட்டி ஷாம்பெயின் தீர்ந்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது; வேலைக்காரர்கள் குடித்திருக்கிறார்கள். அல்ஜெர்னன் கோபப்படவில்லை. திருமணம் பற்றி லேன் அலட்சியமாக ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, கீழ்மட்டத்தார் நமக்கு நல்ல முன்மாதிரியாக இல்லாவிட்டால் அவர்களால் என்ன பயன் என்று கேட்கிறான். ஒழுக்கத்தைச் சுமக்கும் வேலையும் வேலைக்காரர்களுடையதே என்று அவன் நம்புகிறான்.

கொஞ்ச நேரத்தில், தன் தாயின் சகோதரியான லேடி பிராக்னெலுக்காகச் செய்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் எல்லாவற்றையும் அவனே தின்று தீர்த்துவிடுகிறான். லேடி பிராக்னெல் கேட்டதும், சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை, இரண்டு முறை போனேன், ரொக்கம் கொடுத்தும் கிடைக்கவில்லை என்று லேன் முகம் மாறாமல் சொல்கிறார். எஜமானுக்காகச் சொன்ன பொய். அதில் 'ரொக்கம்' என்பதைக் கவனிக்க வேண்டும்: அந்த வீட்டில் ரொக்கம் கொடுத்து வாங்குவது வழக்கமே இல்லை. கடைக்காரர்கள் கடனில் கொடுக்கிறார்கள். முகவரியைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஜாக்கின் நேர்காணலுக்குத் திரும்புவோம். அரசியல் பற்றிக் கேட்கிறார். லிபரல் யூனியனிஸ்ட் என்கிறான். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவை எதிர்த்து 1886-இல் லிபரல் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் டோரிகளோடு, அதாவது கன்சர்வேடிவ் கட்சியினரோடு, சேர்த்தி, எங்கள் வீட்டில் விருந்து சாப்பிடுகிறார்கள், குறைந்தது மாலையிலாவது வருகிறார்கள் என்கிறார் லேடி பிராக்னெல். விருந்துக்கு அழைக்கப்படுவது ஒரு தகுதி. விருந்து முடிந்தபின் கூடத்துக்கு வர மட்டும் அழைக்கப்படுவது அதற்கு அடுத்த தகுதி. ஒரே மூச்சில் அந்தக் கட்சியை அவர் ஒரு படி இறக்கிவிட்டார்.

கடைசியாகப் பெற்றோர். இங்கேதான் எல்லாம் உடைகிறது. தாமஸ் கார்டூ என்ற செல்வர் ஜாக்கைக் குழந்தையாகக் கண்டெடுத்தார். வொர்திங் என்ற கடற்கரை ஊருக்கு அவரிடம் முதல் வகுப்பு டிக்கெட் இருந்ததால் அந்தப் பெயரையே வைத்தார். கண்டெடுத்த இடம் விக்டோரியா ரயில் நிலையத்துக் கிளோக் ரூம். குழந்தை ஒரு கறுப்புத் தோல் கைப்பையில் இருந்தது. பிரைட்டன் பாதைப் பக்கம் என்று ஜாக் சேர்த்துச் சொல்கிறான். விக்டோரியாவில் அன்று இரண்டு கம்பெனிகளின் நிலையங்கள் அருகருகே இருந்தன. ஒன்று பிரைட்டன் பக்கம், மற்றது சாத்தம், டோவர் பக்கம். பிரைட்டன் பக்கம் மேட்டுக்குடிக் கடற்கரை ஊர்களுக்குப் போவது. பாவம், பெற்றோர் இல்லாதவன் ரயில் பாதையின் மதிப்பையாவது சாட்சிக்கு இழுக்கிறான். எந்தப் பாதை என்பது முக்கியமில்லை என்கிறார் அந்த அம்மையார். சீசன் முடிவதற்குள் எப்படியாவது ஒரு பெற்றோரை, தாயோ தந்தையோ, கொண்டுவந்து நிறுத்து என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். சீசன் என்பது மே முதல் ஜூலை வரை நடக்கும் கல்யாணச் சந்தை. அதற்குள் முடியாவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

மூன்றாம் அங்கத்தில் இதே நேர்காணல் தலைகீழாக நடக்கிறது. அல்ஜெர்னன் மணக்க விரும்பும் செசிலி, தாமஸ் கார்டூவின் பேத்தி. ஜாக் அவளுடைய பாதுகாவலன். ஜாக் அவளுடைய தாத்தாவின் மூன்று முகவரிகளை ஒப்பிக்கிறான். மூன்று முகவரி என்றால் கடைக்காரர்களுக்குக்கூட நம்பிக்கை வரும் என்று லேடி பிராக்னெல் ஏற்றுக்கொள்கிறார். பிறப்பு, ஞானஸ்நானம், அம்மைப்பால், தட்டம்மை வரை எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருக்கிறது என்று ஜாக் அடுக்கினாலும் அவர் மனம் இளகவில்லை. கிளம்பத் தயாராகும்போது போகிற போக்கில் சொத்து பற்றிக் கேட்கிறார். அரசுப் பத்திரங்களில் 1,30,000 பவுண்டு. உடனே திரும்ப உட்கார்ந்துவிடுகிறார். அன்றைய அரசுப் பத்திர வட்டி இரண்டே முக்கால் விழுக்காடு. ஆண்டுக்கு 3,500 பவுண்டுக்கு மேல் வரும். நில வரி, குத்தகைக்காரன், மழை எந்தக் கவலையும் இல்லாத பணம். ஒரு நிமிடம் முன்பு கவனிக்கத் தகாதவளாக இருந்த பெண்ணின் பக்கவாட்டு முகத்தில் இப்போது சமூகத்துக்கு ஏற்ற வாய்ப்புகள் தெரிகின்றன. பணத்துக்காக நடக்கும் கல்யாணம் தனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே, தான் லார்டு பிராக்னெலை மணந்தபோது தன்னிடம் ஒரு காசும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். கோட்டையின் வாசலில் கறாராக நிற்பவர், தாமே வெளியிலிருந்து உள்ளே வந்தவர். அவருடைய கண்டிப்பின் வேர் அங்கே இருக்கிறது.

அதே காட்சியில் ஜாக் தன் பதிலடியைக் கொடுக்கிறான்: அல்ஜெர்னனின் ஒழுக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அவன் உண்மை பேசாதவன் என்று சந்தேகிக்கிறேன். நாடகத்தில் மேட்டுக்குடி ஆண் ஒருவனின் குணம் நேருக்கு நேர் கேள்விக்குள்ளாகும் இடம் இது. லேடி பிராக்னெல் திகைத்துப்போய்ச் சொல்லும் பதில்: அல்ஜெர்னனா? முடியவே முடியாது, அவன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன். குணம் பற்றிய கேள்விக்கு வந்த பதில் மறுபடியும் ஒரு முகவரி.

ஜாக் ஏன் பொய் சொல்ல ஆரம்பித்தான் என்பதையும் வைல்ட் விளக்கமாகவே வைத்திருக்கிறார். பாதுகாவலன் என்ற பதவியில் இருப்பவன் எல்லா விஷயத்திலும் மிக உயர்ந்த ஒழுக்கத் தோரணையில் பேச வேண்டும். அது உடம்புக்கும் மகிழ்ச்சிக்கும் நல்லதல்ல. அதனால் நகரத்துக்குப் போக எர்னஸ்ட் என்ற பொல்லாத தம்பியைக் கற்பித்துக்கொண்டேன் என்கிறான். இந்தப் பொய் அவனுடைய கெட்ட குணத்திலிருந்து பிறக்கவில்லை. அவன் வகிக்கும் இடம் அவனிடம் குணத்தின் நடிப்பைக் கேட்கிறது. நடிப்புக்கு ஓய்வு தர ஒரு பொய் தேவைப்படுகிறது. எர்னஸ்ட் என்ற பெயர் ஆங்கிலக் காதுக்கு 'நேர்மையான' என்ற சொல்லாகவும் ஒலிப்பதால், இரண்டு பெண்களும் அந்தப் பெயருள்ளவனைத்தான் மணப்போம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அவர்களும் குணத்தைக் கேட்கவில்லை, அதன் பெயர்ப்பலகையைக் கேட்கிறார்கள்.

குணத்தின் விலையை உண்மையாகக் கொடுப்பவர் மிஸ் பிரிஸம் ஒருவர்தான். இப்போது செசிலிக்கு ஆசிரியை. 28 ஆண்டுகளுக்கு முன் லேடி பிராக்னெலின் குடும்பத்தில் வேலை பார்த்தபோது, தான் எழுதிய நாவலைத் தள்ளுவண்டியிலும் குழந்தையாக இருந்த ஜாக்கைக் கைப்பையிலும் மாற்றி வைத்துவிட்டு, பையை விக்டோரியாவில் விட்டவர். டாக்டர் சாசுபிள் என்ற பாதிரியார் அவரைக் கண்ணியத்தின் உருவம் என்கிறார். லேடி பிராக்னெல் "பிரிஸம்!" என்று ஒரு நீதிபதியின் குரலில் கூப்பிட்டதும் அவர் வெளிறித் தலைகுனிகிறார். எல்லோரும் பொய் சொல்லும் நாடகத்தில் நடுங்குபவர் அவர் ஒருவர். சம்பளத்துக்கு வேலை செய்பவர், சான்றுக் கடிதத்தை நம்பி வாழ்பவர்.

மிஸ் பிரிஸத்தின் பாடத்தில் இந்தியாவும் வருகிறது. பொருளாதாரப் புத்தகத்தைப் படி, ரூபாயின் வீழ்ச்சி பற்றிய அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடு, அது கொஞ்சம் பரபரப்பானது என்று செசிலியிடம் சொல்கிறார். 1870 வாக்கில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் மதிப்பு இருந்த ரூபாய், வெள்ளி விலை சரிந்ததால் 1894-95-இல் ஒரு ஷில்லிங் ஒரு பென்ஸ் அளவுக்கு இறங்கியது. 1893-இல் இந்திய நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியை நாணயமாக்குவதை அரசு நிறுத்தியது. ரூபாயில் சம்பளம் வாங்கி லண்டனில் பிள்ளைகளைப் படிக்கவைத்த அதிகாரிகளின் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே பரபரப்பான அத்தியாயம். லண்டனுக்கு அனுப்ப வேண்டிய தொகைக்காக மேலும் மேலும் ரூபாய் திரட்டப்பட்ட இந்தியாவுக்கு அது வேறு விதமான அத்தியாயம். அந்தப் பக்கம் நாடகத்தின் பார்வைக்குள் வரவில்லை. முடிவில் ஜாக்கின் தந்தை என்று தெரியவரும் ஜெனரல் மொன்க்ரீஃபும் இந்தியாவில் இருந்தவர்தான்.

மேடையேற்றும்போது எங்கே தவறு நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தவறு, லேடி பிராக்னெலைக் கத்தும் வில்லியாக நடிப்பது. அவர் தாம் சொல்வதில் எதையும் வேடிக்கையாக நினைக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஆவணம் சரிபார்க்கும் அதிகாரியைப் போல அமைதியாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். பதிலை எழுதும் இடைவெளி முக்கியம். பென்சில் நின்றால்தான் ஜாக்குக்குப் பயம் வரும். 'கைப்பை' என்ற ஒற்றைச் சொல்லை ஈடித் எவன்ஸ் நீட்டி முழங்கியது 1952 திரைப்படம் வழியாகப் புகழ்பெற்றுவிட்டது. அவருக்கு அது பொருந்தியது. அதை நகலெடுப்பவர்கள் மொத்தக் காட்சியையும் அந்த ஒரு சொல்லுக்கான காத்திருப்பாக மாற்றிவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு, வேலைக்காரர்களை மேடைப் பொருள்களாக நடத்துவது. இரண்டாம் அங்கத்துத் தேநீர்க் காட்சி அவர்கள் இல்லாமல் நடக்காது. குவென்டலினும் செசிலியும் ஒரே எர்னஸ்டுக்காகச் சண்டை தொடங்கும் நேரம் மெரிமனும் இன்னொரு பணியாளரும் மேசை விரிப்போடு உள்ளே வருகிறார்கள். அவர்கள் எதிரில் இருப்பது பெண்களைக் கட்டுப்படுத்துகிறது என்று வைல்டே மேடைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதனால் சண்டை தேநீருக்குள் போகிறது. சர்க்கரை வேண்டாம், இப்போது அது நாகரிகம் இல்லை என்கிறாள் குவென்டலின். செசிலி நான்கு கட்டிகளைக் கோப்பையில் போடுகிறாள். நல்ல வீடுகளில் கேக்கையே பார்க்க முடிவதில்லை, ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்கிறாள் குவென்டலின். செசிலி பெரிய துண்டு கேக்கை வெட்டி மெரிமன் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மெரிமன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அவர் போன பிறகுதான் குவென்டலின் ஒரு வாய் குடித்து முகம் சுளிக்கலாம். இந்த வரிசையை மாற்றி, மெரிமன் நிற்கும்போதே முகம் சுளித்தால் காட்சி செத்துவிடும். வேலைக்காரர் முன் உணர்ச்சியைக் காட்டாத கட்டுப்பாடுதானே அங்கே அந்தஸ்து.

எந்தப் பிரதியை எடுப்பது என்பதும் ஒரு கேள்வி. வைல்ட் முதலில் நான்கு அங்கமாக எழுதினார். அரங்கின் நிர்வாகியும் ஜாக்காக நடித்தவருமான ஜார்ஜ் அலெக்சாண்டர் அதை மூன்றாகக் குறைக்கச் செய்தார். அப்போது வெட்டுப்பட்டதில் ஒரு காட்சி: சவாய் ஹோட்டலுக்கு எர்னஸ்ட் வைத்த 762 பவுண்டு 14 ஷில்லிங் 2 பென்ஸ் சாப்பாட்டுக் கடனுக்காக, எர்னஸ்ட் என்று நடித்துக்கொண்டிருக்கும் அல்ஜெர்னனை ஹாலோவே சிறைக்கு அழைத்துப்போக ஒரு வழக்கறிஞர் வருகிறார். முகவரிக்குக் கிடைத்த கடன் வசூலுக்கு வரும் ஒரே இடம் அது. மூன்று அங்க வடிவம் வேகமானது, மேடைக்கு அதுவே சிறந்தது. ஆனால் அந்தஸ்தும் கடனும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் வெட்டுப்பட்ட காட்சியையும் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வைல்ட் கைதானதும் அதே ஹாலோவேயில்தான் விசாரணைக் கைதியாக வைக்கப்பட்டார். அரங்கத்தின் விளம்பரங்களிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. நாடகம் மட்டும் மே 8 வரை தொடர்ந்தது. மே 25 அன்று இரண்டு ஆண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. 1899-இல் நாடகம் புத்தகமாக வந்தபோதும் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' எழுதியவர் என்று மட்டும் இருந்தது. இன்று நாம் படிப்பது அநேகமாக அந்த 1899 பதிப்பின் பாடத்தைத்தான்.